ஜேன் ஆஸ்டின்: ஒரே இரவில் 20 ஆட்டம் ஆடிய பெண், காதல் நாவல்களின் அரசி ஆனது எப்படி?

ஒரே இரவில் 20 ஆட்டம். ஒன்றைக்கூட விடவில்லை. களைப்பும் தெரியவில்லை. 1798 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தேதியிட்ட கடிதத்தில் 23 வயதுப் பெண் ஒருவர் தன் அக்காவுக்கு இதைப் பெருமையாக எழுதினார். அந்த நடன விருந்துக்கு வந்தவர்களே மொத்தம் 31 பேர்தான். அதில் பெண்கள் 11 பேர். அதனால் ஜோடி கிடைக்காமல் ஓரமாக உட்கார வேண்டிய நிலை அன்று அவருக்கு வரவில்லை.

அந்தப் பெண்தான் ஜேன் ஆஸ்டின். அப்போது அவர் எழுதிய எதுவும் அச்சில் வந்திருக்கவில்லை. அவருடைய நாவல் ஒன்றை லண்டன் பதிப்பாளர் ஒருவர் படித்துப் பார்க்கக்கூட மறுத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அந்த நாவல் எது தெரியுமா? பின்னாளில் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' என்ற பெயரில் வந்து, 200 ஆண்டுகளுக்குப் பிறகும் விற்றுக்கொண்டே இருக்கிற அதே கதைதான்.

ஜேன் ஆஸ்டினைப் படிக்காதவர்களுக்கும் அவர் கதை தெரிந்திருக்க வாய்ப்புண்டு. 2000-ம் ஆண்டு ராஜீவ் மேனன் இயக்கத்தில் மம்மூட்டி, அஜித், தபு, ஐஸ்வர்யா ராய் நடித்து வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்துக்கு மூலம், ஜேனின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல்தான்.

யார் இந்த ஜேன் ஆஸ்டின்?

1775 டிசம்பர் 16-ம் தேதி, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஸ்டீவன்டன் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் ஆஸ்டின், அந்த ஊர் தேவாலயத்தின் பாதிரியார். 8 பிள்ளைகள். ஜேன் ஏழாவது. வருமானம் பத்தாமல் வீட்டிலேயே பையன்களைத் தங்கவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார் அப்பா.

மொத்தம் இரண்டே இரண்டு பெண்கள். அக்கா கசாண்ட்ரா, தங்கை ஜேன். இருவரும் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் பிரிந்திருக்கும்போதெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஜேன் எழுதியதில் இன்று சுமார் 160 கடிதங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. நிறைய கடிதங்களை அக்காவே பிற்காலத்தில் எரித்துவிட்டார். மிஞ்சியதைப் புரட்டினாலே ஒன்று தெரிந்துவிடும்: தொப்பி விலை, பக்கத்து வீட்டு வம்பு, அதோடு நடனம், நடனம், நடனம்!

இந்தக் குடும்பத்துக்கும் நம்ம ஊருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. ஜேனின் அத்தை பிலடெல்பியா, அப்பா அம்மாவை இழந்தவர். சீதனம் கொடுக்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட பெண்கள் மாப்பிள்ளை தேடி இந்தியாவுக்குக் கப்பலேறுவது அந்தக் காலத்து வழக்கம். 1752-ல் மதராஸ் வந்த அவர், அடுத்த ஆண்டே கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஹான்காக்கைக் கைப்பிடித்தார். காசில்லாத பெண்ணுக்குக் கல்யாணம் என்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது ஜேனுக்குத் தன் வீட்டுக் கதையிலிருந்தே தெரியும்.

நடன விருந்தில் அப்படி என்னதான் நடக்கும்?

இதைப் புரிந்துகொண்டால்தான் ஜேனின் நாவல்கள் புரியும்.

அன்றைய இங்கிலாந்தில் ஓரளவு வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி, உறவுக்காரர் அல்லாத ஓர் ஆணுடன் தனியாகப் பேச முடியாது. கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது. எழுதினால் நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்றுதான் ஊர் அர்த்தம் பண்ணும். சரி, பிறகு எப்படித்தான் பழகுவது? அதற்கு இருந்த ஒரே திறந்த வாசல், நடனம்.

குளிர்காலத்தில் பக்கத்து ஊரான பேசிங்ஸ்டோக்கில் கட்டணம் கட்டி வரும் பொது நடன விருந்துகள் நடக்கும். பெரிய வீடுகளில் தனி விருந்தும் உண்டு. தெருவிளக்கு இல்லாத காலம் என்பதால், குதிரை வண்டி பள்ளத்தில் விழாமல் வீடு திரும்ப, நிலா வெளிச்சம் உள்ள இரவாகப் பார்த்து நாள் குறிப்பார்கள்.

ஆட்டம் என்றால் இப்போது படத்தில் காட்டுகிற மாதிரி இடுப்பைப் பிடித்துச் சுற்றுகிற ஆட்டம் இல்லை. அந்த வால்ட்ஸ் அப்போதுதான் மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜேன் ஆடியது பெரும்பாலும் 'கன்ட்ரி டான்ஸ்'. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. மேலே நிற்கும் ஜோடி ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஜோடியாகக் கடந்து கீழே இறங்கி வரும். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை நிற்க வேண்டும்.

நிற்கிற அந்த நேரம்தான் முக்கியம். அத்தனை பேர் கண் முன்னால், ஆனால் யார் காதிலும் விழாமல் ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று பேசிக்கொள்ளலாம். ஒருவரைக் கூப்பிட்டால் இரண்டு ஆட்டம் சேர்ந்து ஆட வேண்டும். அதாவது ஏறத்தாழ அரை மணி நேரம். பிடிக்காதவன் வந்து மாட்டினாலும் அரை மணி நேரம்தான், பிடித்தவன் கிடைத்தாலும் அரை மணி நேரம்தான். அதே ஆளோடு திரும்பத் திரும்ப ஆடினால் மறுநாள் காலை ஊரே பேசும்.

இன்னொரு விதி இதைவிடக் கொடுமை. கூப்பிடும் உரிமை ஆணுக்கு மட்டும். பெண் சரி என்று சொல்லலாம், இல்லை முடியாது என்று சொல்லலாம். ஆனா ஒருவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டால், அன்று இரவு முழுக்க வேறு யாரோடும் ஆடக் கூடாது. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கணும்.

'நார்தேங்கர் அபே' நாவலில் ஹென்றி டில்னி என்ற இளைஞன், நடனமும் கல்யாணமும் ஒரே மாதிரிதான் என்று நாயகியிடம் விளையாட்டாக வாதம் பண்ணுவான். இரண்டிலும் தேர்ந்தெடுப்பவன் ஆண், மறுப்பது மட்டும்தான் பெண் கையில் என்பது அவன் கட்சி. வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் அது ஜேனின் ஆறு நாவல்களுக்கும் பொருந்தும்.

20 வயதில் வந்த டாம் லெஃப்ராய்

இன்று கிடைக்கிற ஜேனின் கடிதங்களில் மிகப் பழையது 1796 ஜனவரியில் எழுதப்பட்டது. அதுவே ஒரு நடன விருந்தைப் பற்றியதுதான். அயர்லாந்திலிருந்து பக்கத்து ஊருக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருந்த டாம் லெஃப்ராயுடன் ஆடியதைப் பற்றி அக்காவிடம் சொல்கிறார். இருவருக்கும் அப்போது 20 வயது. தாங்கள் இருவரும் சேர்ந்து ஆடிய, சேர்ந்து உட்கார்ந்த அழகைப் பார்த்து ஊர் என்ன நினைத்திருக்கும் என்று நீயே கற்பனை பண்ணிக்கொள் என்கிற தொனியில் கேலியும் குறும்புமாக எழுதியிருக்கிறார்.

மூன்று நடன விருந்துகளில் சந்தித்தார்கள். அதோடு சரி. டாம் லண்டன் போய் சட்டம் படிக்க வேண்டியவர், பெரிய குடும்பத்தின் நம்பிக்கை. ஜேனிடமோ சீதனம் கிடையாது. சொந்தக்காரர்கள் அவரைச் சீக்கிரமே ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள். டாம் வேறு பெண்ணை மணந்தார். பிற்காலத்தில் அயர்லாந்தின் தலைமை நீதிபதியாகவும் ஆனார். 90 வயதைத் தாண்டி வாழ்ந்த அவர், முதுமையில் தன் அண்ணன் மகன் முறை உறவினர் ஒருவரிடம், தான் ஜேனைக் காதலித்தது உண்மைதான், ஆனால் அது பையன் வயசுக் காதல் என்று ஒப்புக்கொண்டதாகக் குடும்பத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதை வைத்து, டாம்தான் மிஸ்டர் டார்சி என்று சினிமாக்காரர்கள் கதை கட்டியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. தேதிகளை மட்டும் பார்ப்போம். டாம் கிளம்பிப் போனது 1796 தொடக்கத்தில். அதே ஆண்டு அக்டோபரில் ஜேன் ஒரு புது நாவலைத் தொடங்குகிறார். 1797 ஆகஸ்ட்டில் முடிக்கிறார். பெயர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்'. நவம்பரில் அப்பாவே லண்டன் பதிப்பாளர் தாமஸ் கடெலுக்குக் கடிதம் போட்டார். வந்த வேகத்தில் மறுப்பு திரும்பி வந்தது.

அந்த 1797-ம் ஆண்டு அந்த வீட்டுக்கு நல்ல ஆண்டாக இல்லை. கசாண்ட்ராவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த இளைஞர், வேலைக்காகப் போன மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சல் வந்து இறந்துபோனார்.

ஒரு மறுப்பிலிருந்து தொடங்கும் காதல்

மெரிட்டன் என்ற ஊரில் பொது நடன விருந்து. ஆண்கள் குறைவு, பெண்கள் அதிகம். ஜோடி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் எலிசபெத். பணக்கார டார்சியிடம் அவருடைய நண்பர், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஆடச் சொல்கிறார். தன்னை இழுக்கும் அளவுக்கு அவள் அழகாக இல்லை என்கிறார் டார்சி. அது அவள் காதிலேயே விழுகிறது.

'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' நாவலின் எல்லா முடிச்சும் இந்த ஓர் இடத்தில் விழுகிறது. பிறகு டார்சியே ஆடக் கூப்பிடும்போது அவள் மறுக்கிறாள். நெதர்ஃபீல்ட் விருந்தில் திடீரென்று வந்து கேட்டுவிட, யோசிக்க நேரம் இல்லாமல் சரி என்று சொல்லிவிடுகிறாள். அரை மணி நேரம் விலகிப் போக முடியாது. ஊரே பார்க்கிறது. அந்த வரிசையில் நின்றுகொண்டுதான் இருவரும் கூர்மையாக ஒருவரை ஒருவர் குத்திக்கொள்கிறார்கள். நாவலாசிரியருக்கு இதைவிட வசதியான அரங்கம் எங்கே கிடைக்கும்? கோபமாக இருக்கும் இரண்டு பேரைக் கட்டாயமாக எதிரெதிரே நிற்க வைக்கிற விதி, ஊரிலேயே தயாராக இருந்தது.

அதே இரவில், ஆடத் தெரியாத மிஸ்டர் காலின்ஸிடமும் எலிசபெத் மாட்டிக்கொள்வாள். தப்படி வைத்துத் தடுமாறும் அவரை மறுக்கவும் முடியாது. மறுத்தால் மற்ற ஆட்டமெல்லாம் போச்சு. அந்த எரிச்சலையும் வெட்கத்தையும் எழுத, பல வருஷம் அந்த வரிசையில் நின்ற ஒருவரால்தான் முடியும்.

ஜேனுக்கும் அந்த அனுபவங்கள் எல்லாம் உண்டு. 1800 நவம்பரில் ஒரு விருந்துக்குப் போனவர், மறுநாள் எழுதும்போது கை நடுங்குகிறது, நேற்று மது கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல என்று அக்காவிடம் ஒத்துக்கொள்கிறார். அன்று நடந்த 12 ஆட்டங்களில் 9-ல் ஆடினார். மீதி மூன்றை ஏன் விட்டார்? கால் வலி இல்லை. கூப்பிட ஆள் வரவில்லை.

கல்யாணம்: ஒரே இரவில் மாறிய முடிவு

1801-ல் அப்பா ஓய்வு பெற, குடும்பம் பாத் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. நடன அரங்குகளுக்கே பேர் போன ஊர். ஆனால் ஜேனுக்கு அந்த ஊர் ஒட்டவில்லை.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அக்காவும் தங்கையும் மேனிடவுன் என்ற பெரிய வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார்கள். இளம் வயதில் ஜேன் ஆட வந்துபோன வீடு அது. அந்த வீட்டு வாரிசு ஹாரிஸ் பிக்-விதர், ஜேனைவிட ஐந்து வயது சின்னவர், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். ஜேன் சம்மதித்தார்.

மறுநாள் காலை, முடியாது என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

அவர் என்ன இழந்தார் என்று பார்த்தால்தான் இந்த முடிவின் எடை தெரியும். சரி என்று சொல்லியிருந்தால் பெரிய எஸ்டேட்டின் எஜமானி. அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஆயுளுக்கும் ஒரு கூரை. ஜேனுக்கு அப்போது 27 வயது ஆகப்போகிறது. அந்தக் காலக் கணக்கில் அது கடைசி வண்டி. அதற்குப் பிறகு அவருக்குக் கல்யாணம் நடக்கவில்லை. 1805-ல் அப்பாவும் இறந்துவிட, மூன்று பெண்களும் அண்ணன் தம்பிகள் தரும் பணத்தில் வீடு வீடாக மாற வேண்டியதாயிற்று.

இந்தக் காலகட்டத்தில் எழுத்தும் ஏறக்குறைய நின்றுபோனது. 'தி வாட்சன்ஸ்' என்று ஒரு நாவலைத் தொடங்கி பாதியில் விட்டார். அதில் ஒரு காட்சி மட்டும் மறக்க முடியாதது. உயர்குடிப் பெண் ஒருத்தி தன்னோடு ஆடுவாள் என்று ஆசையோடு காத்திருக்கிறான் 10 வயதுப் பையன். கடைசி நேரத்தில் ஒரு ராணுவ அதிகாரிக்காக அவள் வாக்கை மீறிவிடுகிறாள். பையன் கண் கலங்க, கதாநாயகி எமா வாட்சன் எழுந்து தானே அவனோடு ஆட முன்வருகிறாள். முறைப்படி ஒரு பெண் கூப்பிடக் கூடாது. ஆனால் கூப்பிடுகிறாள். ஜேன் எழுதிய நடனக் காட்சிகளிலேயே மனசைத் தொடுவது, அவர் முடிக்காமல் போன நாவலில் இருக்கிற இதுதான்.

அதே அறை, 15 ஆண்டுகள் கழித்து

1808 டிசம்பரில் சவுத்தாம்ப்டனில் ஒரு நடன விருந்து. 33-வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு ஜேன் அங்கே போனார். 15 ஆண்டுகளுக்கு முன்பு தான் ஆடிய அதே அறை. கூப்பிட ஆள் இல்லாமல் டஜன் கணக்கில் இளம்பெண்கள் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தது சோகமாக இருந்தது என்று அக்காவுக்கு எழுதினார். நெப்போலியனுடன் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆச்சரியமாக, அன்று ஜேனையும் ஒருவர் ஆடக் கூப்பிட்டார். கறுத்த கண்கள் என்பது ஞாபகம் இருந்தது, பெயர்தான் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு, பணக்காரக் குடும்பம் ஒன்று தத்தெடுத்து வளர்த்த அண்ணன் எட்வர்ட், சாட்டன் கிராமத்தில் ஒரு வீட்டைக் கொடுத்தார். ஜேனின் நாவல்கள் அச்சுக்குப் போனது அங்கிருந்துதான். 1811-ல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. ஆசிரியர் பெயர் இல்லை. ஒரு பெண் எழுதியது என்று மட்டும் போட்டிருந்தது. நஷ்டம் வந்தால் தன் தலையில் என்ற ஒப்பந்தத்தில் வெளியிட்டார். 140 பவுண்டு லாபம் வந்தது.

பிறகு அந்தப் பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்தார். வெட்டினார், சுருக்கினார், பெயரை மாற்றினார். 1813 ஜனவரி 28-ல் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' வெளியானது. உரிமையை 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றிருந்ததால், அடுத்தடுத்த பதிப்புகளின் லாபம் முழுக்க பதிப்பாளருக்கே போனது. இதற்கு முன் 1803-ல் இன்னொரு நாவலை வெறும் 10 பவுண்டுக்கு விற்று, வாங்கியவர் அதை அச்சிடாமலே பூட்டி வைத்த கதையும் உண்டு. 2017 முதல் இங்கிலாந்தின் 10 பவுண்டு நோட்டில் இருப்பது ஜேனின் முகம்தான் என்பது காலத்தின் குசும்பு.

1813 நவம்பரில் அவர் எழுதிய ஒரு கடிதம் கவனிக்க வேண்டியது. இளமை கழிந்துபோவதிலும் ஒரு சுகம் இருக்கிறது. இளம்பெண்களுக்குத் துணையாக வந்த பெரிய மனுஷி என்று கணப்புக்குப் பக்கத்தில் சோஃபாவில் உட்கார வைக்கிறார்கள், வேண்டிய அளவு மது குடிக்கலாம் என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறார். ஆடுகிற இடத்திலிருந்து பார்க்கிற இடத்துக்கு அவர் வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எழுதிய நடனங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. 'எமா'வில், ஊரறிய ஒரு பெண்ணை ஆட மறுத்து அவமானப்படுத்துகிறார் மிஸ்டர் எல்ட்டன். அதுவரை ஆடாமல் நின்ற மிஸ்டர் நைட்லி பேசாமல் போய் அவளை அழைத்து ஆடுகிறார். அதை எமா பார்க்கிறாள். அங்கேதான் காதல் அசைகிறது, ஆடியவளிடம் அல்ல, பார்த்தவளிடம். கடைசி நாவல் 'பர்சுவேஷன்'ல் நாயகி ஆன் ஆடுவதே இல்லை. 27 வயதில் அதை விட்டுவிட்டாள். பியானோ வாசிக்கிறாள். அவள் வாசிப்புக்கு, எட்டு ஆண்டுகளுக்கு முன் அவள் கைவிட்ட காதலன் வேறு பெண்களோடு ஆடுகிறான். கண் கலங்குகிறது, நல்ல வேளை, யாரும் கவனிக்கவில்லை என்று விரலை ஓட்டிக்கொண்டே இருக்கிறாள்.

ஜேனும் நிஜத்தில் அண்ணன் பிள்ளைகள் ஆடுவதற்காகப் பியானோவில் நடன மெட்டுகளை வாசித்துக் காட்டியவர். அவர் கைப்பட எழுதி வைத்த இசைப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன.

கடைசி நாட்கள்

1816-லிருந்து உடல்நிலை சரியில்லை. இடுப்பு வலி, சோர்வு, காய்ச்சல். என்ன நோய் என்பதில் மருத்துவ ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. சிகிச்சைக்காக வின்செஸ்டர் நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். 1817 ஜூலை 18 அதிகாலை, கசாண்ட்ராவின் மடியில் தலை வைத்தபடி இறந்தார். வயது 41. எழுத்தில் அவர் வாழ்நாளில் சம்பாதித்த மொத்தப் பணம் 700 பவுண்டைக்கூட எட்டவில்லை.

அன்றைய வழக்கப்படி பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. ஊர்வலம் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தார் அக்கா. வின்செஸ்டர் கதீட்ரலில் வைத்த கல்லறைக் கல்லில் அவருடைய நல்ல குணங்களைப் பற்றி நிறைய எழுதினார்கள். நாவல் எழுதியவர் என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஆண்டின் கடைசியில், 'நார்தேங்கர் அபே', 'பர்சுவேஷன்' இரண்டும் சேர்ந்து வெளிவந்தன. முன்னால் அண்ணன் ஹென்றி ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு எழுதி, இத்தனை நாள் பெயர் தெரியாமல் இருந்த எழுத்தாளர் தன் தங்கைதான் என்று முதன்முறையாக அச்சில் சொன்னார். சில பக்கக் குறிப்புதான். அதிலும் மறக்காமல் ஒன்றைச் சேர்த்திருந்தார்: ஜேனுக்கு நடனம் என்றால் பிரியம், அதை மிக நன்றாகவும் ஆடுவார் என்று.